பிரிண்ட் இருட்டாக வருகிறதா? முதலில் படத்தில் கை வைக்காதீர்கள்

போன வாரம் தக்கலையிலிருந்து ஒரு தம்பி கை நிறைய பிரிண்ட்களோடு வந்தான். எல்லாம் ஒரே படம்தான், முட்டம் பாறைகளும் அதற்குப் பின்னால் கடலும். ஒவ்வொரு தாளிலும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தான். "மானிட்டர்ல பளிச்சுன்னு இருக்குண்ணே, பிரிண்டர்தான் சரியில்ல" என்றான். நானும் ஒரு காலத்தில் இதே வார்த்தையைச் சொன்னவன் என்பதால் எழுதுகிறேன். நாசில் (மை பீய்ச்சும் துளை) அடைப்பு, தாளைத் திருப்பி வைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

திரையை விட்டுவிட்டுப் படத்தைத் திருத்துவது

இது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு. பிரிண்ட் இருட்டாக வந்தால் பெரும்பாலும் பிரிண்டர் மேல் குற்றமில்லை, திரைதான் அளவுக்கு மீறி எரிகிறது. புதிதாக வாங்கும் மானிட்டர் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடுதான் வரும், பலவற்றில் அது சதுர மீட்டருக்கு 250 கேண்டெலாவை (வெளிச்சத்தின் அலகு) தொடும். பிரிண்டுக்காக வேலை செய்பவர்கள் 80 முதல் 120-க்குள் வைத்துக்கொள்வார்கள். திரை தானே ஒளிவிடும், தாளோ தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும்.

இது தெரியாமல் என் மைனியின் தங்கை கல்யாணப் படங்கள் அத்தனையையும், பிரிண்ட் திரை மாதிரி வரும்வரை வெளிச்சம் கூட்டி, அதே ஜேபெக் ஃபைல்களின் மேலேயே சேவ் செய்தேன். நாலுக்கு ஆறு அளவில் அப்போது நன்றாகத்தான் தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து மைனி சுவரில் மாட்டப் பெரிய படம் கேட்டபோதுதான் பார்க்கிறேன், பெண்ணின் தலையில் வைத்த பிச்சிப்பூ முழுக்க வெறும் வெள்ளைத் திட்டு, ஒரு இதழ்கூடப் பிரிந்து தெரியவில்லை. கேமரா கார்டை எப்போதோ அழித்தாயிற்று. வெளுத்துப்போன இடத்தில் விவரத்தைத் திரும்பக் கொண்டுவர எந்த மென்பொருளாலும் முடியாது, அந்த முகூர்த்தத்தை மறுபடி எடுக்கவும் முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள், ஜன்னல் வெயில் மானிட்டரில் விழாமல் ஜன்னல் துணியை இழுத்துவிடுங்கள். ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பிரிண்ட் பார்க்கும் அதே வெளிச்சத்தில் ஒரு வெற்றுத் தாளைப் பக்கத்தில் பிடித்து, இரண்டு வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். முதல் நாள் திரை மங்கலாகத் தோன்றும், கண் பழகிவிடும். நிறமும் துல்லியமாக வேண்டுமென்றால் கலரிமீட்டர் என்ற, திரையின் நிறத்தை அளக்கும் கருவியை வைத்து அளக்க வேண்டும், வெறும் கண்ணை நம்பி நிறத்தைத் திருகாதீர்கள். அப்புறம், மூல ஃபைலின் மேல் ஒருபோதும் சேவ் செய்யாதீர்கள்.

நிறத்தை இரண்டு முறை திருத்துவது

ஃபோட்டோஷாப்பும் ஐசிசி ப்ரொஃபைல் (தாளில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் ஃபைல்) வைத்து நிறத்தை மாற்றி, பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரும் தன் பங்குக்கு மாற்றினால் முகமெல்லாம் சிவந்துபோய் வரும். ஒருவர்தான் திருத்த வேண்டும். ஃபோட்டோஷாப்பிடம் பொறுப்பைக் கொடுத்தால் டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள், எப்சனில் அதற்கு 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' என்று பேர்.

தப்பான பேப்பர் டைப்

கிளாஸி தாளை வைத்துவிட்டு 'ப்ளெயின் பேப்பர்' என்று விட்டால் மையின் அளவே மாறிவிடும். ஐசிசி ப்ரொஃபைல் என்பதும் ஒரு பிரிண்டர், ஒரு மை, ஒரு தாள் மூன்றும் சேர்ந்த கணக்கு. ரீஃபில் மைக்கு மாறினால் கம்பெனி கொடுத்த ப்ரொஃபைல் அதற்குப் பொருந்தாது.

ஈரத்தாள்

நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, தாளைக் கவரிலேயே மூடி வையுங்கள்.

வந்த உடனே தீர்ப்பு

மை காயக் காய நிறம் சற்று மாறும். மறுநாள், நிழல் விழும் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், மஞ்சள் பல்புக்குக் கீழே வேண்டாம்.

தாளில் கிடைக்காத நிறத்துக்காகச் சண்டை போடுவது

திரை காட்டும் சில அடர்ந்த நீலங்களை மையால் கொண்டுவரவே முடியாது. தம்பியின் முட்டம் கடலும் அப்படித்தான். சரி, அதற்காகப் படத்தை விட்டுவிட வேண்டியதில்லை, அந்தத் தாளின் ப்ரொஃபைலை வைத்து சாஃப்ட் ப்ரூஃப்பில், அதாவது தாளில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும் முன்னோட்டத்தில், முதலில் பார்த்தோம், நீலத்தின் அடர்த்தியைக் கொஞ்சம் இறக்கினோம், அலையின் மடிப்புகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. தம்பி முதலில் கொண்டுவந்த பிரிண்ட்கள் எதிலும் அவை இல்லை.