விர்ஷ் மைக்ரேட் நகராமல் நின்றதும் சரியானதும்

மூன்று சர்வர்களின் விர்ச்சுவல் மெஷின்களையும் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) விர்ஷ் என்ற கட்டளைக் கருவி கொண்டே கவனிக்கிறேன். எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக லிஸ்ட், ஸ்டார்ட் கட்டளைகள் எல்லாம் ஒழுங்காக ஓடின. லைவ் மைக்ரேஷன், அதாவது ஓடும் மெஷினை நிறுத்தாமல் வேறு சர்வருக்கு நகர்த்துவது, மட்டும் ஆரம்பத்திலேயே நின்றது. எஸ்எஸ்ஹெச் சாவியை மாற்றிப் பார்த்தேன். ஃபயர்வாலில் 49152 முதல் 49215 வரையான போர்ட்டுகளைத் திறந்தேன். ம்ஹூம், பல நாள் போனதுதான் மிச்சம்.

பிழைச் செய்தியை மறுபடி படித்தபோதுதான் கண்ணில் பட்டது: அதில் இருந்தது நான் கொடுத்த ஐபி அல்ல, போய்ச்சேரும் சர்வரின் ஹோஸ்ட்நேம் (நெட்வொர்க்கில் அதன் பெயர்). எஸ்எஸ்ஹெச் இணைப்பு கட்டளைகளுக்கு மட்டும்தான். மெஷினின் மெமரி தனி டிசிபி இணைப்பில் போகிறது. அதற்கான முகவரியை எதிர்முனை லிப்விர்ட் (விர்ஷுக்குப் பின்னால் வேலை செய்யும் மென்பொருள்) தன் சர்வரின் ஹோஸ்ட்நேமை வைத்தே சொல்கிறது. அந்தப் பெயருக்கு எந்த ஐபி என்பது அனுப்பும் சர்வருக்குத் தெரியவில்லை.

மைக்ரேட்யூஆர்ஐ என்ற ஆப்ஷனில் ஐபியோடு டிசிபி முகவரியைக் கொடுத்ததும் மெஷின் நகர்ந்தது. அப்பாடா! அப்புறம் எல்லா சர்வர்களின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்ற பட்டியல்) பெயர்களைச் சேர்த்துவிட்டேன். திறந்த போர்ட்டுகளை மூடவில்லை, மெமரி அவற்றின் வழியாகத்தான் போகிறது.