ஜிஹாத்: சொல்லைப் புரிந்துகொள்வதில் நேரும் தவறுகள்

முதல் தவறு மொழிபெயர்ப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஜிஹாத் என்றதும் ‘புனிதப் போர்’ என்று எழுதிவிடுகிறோம். குர்ஆனில் அப்படி ஒரு தொடரே இல்லை. ஜ-ஹ-த என்ற வேர்ச்சொல்லுக்கு முழு முயற்சி எடுத்தல், பாடுபடுதல் என்பதே பொருள். போர் செய்வதைக் குறிக்க அரபியில் ‘கிதால்’ என்ற தனிச்சொல் இருக்கிறது. குர்ஆனின் 31:15 வசனத்தைப் பாருங்கள். இறைவனுக்கு இணைவைக்கும்படி பெற்றோர் உன்னை வற்புறுத்தினால் கீழ்ப்படியாதே, ஆனாலும் இவ்வுலகில் அவர்களோடு நல்ல முறையில் நடந்துகொள் என்கிறது அது. அங்கே பெற்றோரின் வற்புறுத்தலைச் சொல்லும் வினை இதே வேரிலிருந்து வந்தது. அந்த இடத்தில் ‘புனிதப் போர்’ என்று போட்டால் வசனமே குலைந்துவிடும். 25:52 வசனம் குர்ஆனைக் கொண்டு ‘பெரும் ஜிஹாத்’ செய்யச் சொல்கிறது. அது மக்காவில் இறங்கியது. போருக்கு அனுமதியே வராத காலம் அது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. நல்லெண்ணத்தில் செய்யப்படுவதால் அது எளிதில் கண்ணில் படுவதில்லை. “ஜிஹாத் என்றால் மனத்தோடு போராடுவது மட்டும்தான், போருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை” என்று நண்பர்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஃபிக்ஹு எனும் இஸ்லாமியச் சட்ட நூல்களில் ‘ஜிஹாத்’ பாடத்தைத் திறந்தால் அது பெரும்பாலும் போர்ச் சட்டமாகவே இருக்கும். முற்கால அறிஞர்கள் தற்காப்புப் போரை மட்டும் பேசவில்லை, படையெடுப்பையும் பேசினார்கள். பேரரசுகள் மோதிக்கொண்ட காலத்தின் சட்டம் அது. அதை மறைத்தால், பின்னாளில் இணையத்தில் அந்தப் பக்கத்தைப் பார்க்கும் இளைஞன் ‘என்னிடம் பொய் சொல்லிவிட்டார்கள்’ என்று நினைப்பான். அடுத்து யார் பேசினாலும் அவர்களையே நம்புவான். இந்தத் தவற்றை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பினோம்’, அதாவது போரிலிருந்து மனத்தோடு போராடுவதற்கு, என்ற ஹதீஸை (நபிமொழியை) மட்டும் ஆதாரம் காட்டுவதும் இதே வகைதான். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று பைஹகீ போன்ற ஹதீஸ் அறிஞர்களே சொல்லியிருக்கிறார்கள். எதிரே இருப்பவர் அதைச் சுட்டிக்காட்டினால் நம் வாதம் நின்றுபோகும். அதைவிட வலுவானவை இருக்கும்போது பலவீனமானதை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? ‘தன் நஃப்ஸோடு (மன இச்சையோடு) போராடுபவனே முஜாஹித் (ஜிஹாத் செய்பவன்)’ என்பது திர்மிதீ என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம் நபியவர்கள், “உன் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா?” என்று கேட்டார்கள். ஆம் என்றதும், “அப்படியானால் அவர்களுக்காகப் பாடுபடு” என்றார்கள். இது புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

போர்ச் சட்டத்தை ஒப்புக்கொண்டால் அதன் கட்டுப்பாடுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். தனி ஆள் கிளம்பும் காரியமல்ல அது. ஜிஹாதின் பொறுப்பு ஆட்சித் தலைவரிடமும் அவருடைய முடிவிடமும் விடப்பட்டது என்று முற்காலச் சட்ட அறிஞர் இப்னு குதாமா எழுதுகிறார். சாதாரண நிலையில் அது சமூகத்தின் மீதான கூட்டுக் கடமை, ‘ஃபர்ளு கிஃபாயா’. நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்), அந்த நிலையில் முஸ்லிம் பெற்றோரின் அனுமதி இல்லாமல் மகன் போகக்கூடாது. தவணை வந்த கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் அனுமதியும் வேண்டும். கலீஃபா அபூபக்ர் படைத்தளபதிக்குக் கொடுத்த பத்து அறிவுரைகள் இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் நூலில் பதிவாகியுள்ளன. பெண்கள், குழந்தைகள், முதியோரைக் கொல்லாதே, காய்க்கும் மரத்தை வெட்டாதே, மக்கள் குடியிருக்கும் இடத்தைப் பாழாக்காதே, உண்பதற்கன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்காதே என்று போகிறது அந்தப் பட்டியல். பொதுமக்கள் கூடும் இடத்தில் குண்டு வைப்பவன் இதில் எதைக் கடைப்பிடித்தான்?

வசனத்தை நறுக்கி எடுப்பதும் பெருந்தவறு. இணைவைப்போரைக் கொல்லச் சொல்லும் 9:5 வசனத்தை மட்டும் படம்பிடித்து அனுப்புகிறார்கள், ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும். முன்னும் பின்னும் ஒரு வசனம் சேர்த்துப் படித்தாலே போதும். ஒப்பந்தத்தை மீறாத இணைவைப்போரிடம் காலக்கெடு முடியும்வரை ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்கிறது 9:4. அடைக்கலம் கேட்டு வருபவருக்கு அதைக் கொடுத்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்க்கச் சொல்கிறது 9:6.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு மிக நெருக்கமான வசனம் 8:72. வேறிடத்து முஸ்லிம்கள் மார்க்கத்தின் பெயரால் உதவி கேட்டால் உதவுங்கள் என்கிறது. உடனே ஒரு விலக்கும் தருகிறது: உங்களோடு உடன்படிக்கை உள்ள மக்களுக்கு எதிராக அல்ல. குடியுரிமை, நிரந்தரவாசம், வேலை அனுமதி என்று எந்த அடிப்படையில் இங்கே இருந்தாலும் அது ஒரு வாக்குறுதிதான். ‘தாருல் ஹர்ப்’ (போர் நிலம்) என்று ஒரு நாட்டுக்குப் பெயர் சூட்டி அந்த வாக்கை முறிக்க முடியாது. அந்தச் சொல்லும் குர்ஆனில் இல்லை, சட்ட அறிஞர்கள் வகுத்த பிரிவு அது.

சந்தேகம் வந்தால் காணொளியில் தேடாமல் ஆளிடம் கேளுங்கள். இங்கே சமயம் போதிப்பவர்கள் சமய ஆசிரியர் அங்கீகாரத் திட்டத்தில் பதிந்திருப்பது 2017 முதல் கட்டாயம். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். தமிழில் கேட்க விரும்பினால் சவுத் பிரிட்ஜ் சாலையின் ஜாமியா சூலியா பள்ளிவாசலிலும், டன்லப் தெருவின் அப்துல் கஃபூர் பள்ளிவாசலிலும் விசாரிக்கலாம். வீட்டுப் பிள்ளை வன்முறைப் பேச்சில் ஈர்க்கப்படுவதாகத் தோன்றினால், 2003 முதல் இயங்கும் சமய மறுவாழ்வுக் குழுவை அணுகலாம். கேலாங்கில் உள்ள கதீஜா பள்ளிவாசலில் அதன் ஆலோசனை மையம் இருக்கிறது. பிள்ளை பேசத் தயாராக இருக்கும்போதே போய்விடுங்கள்.