லேசரால் ஸ்பார்க் கேப்பைச் சுடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஸ்பார்க் கேப் என்பது இரு உலோக முனைகளுக்கு இடையில் பொறி பாயும்போது மின்சாரத்தைக் கடத்தும் சுவிட்ச்; அந்தப் பொறியை வேண்டிய நேரத்தில் தொடங்கிவைக்கத்தான் லேசர். பெரும்பாலான கோளாறுகளுக்கு லேசர் காரணமே இல்லை. மின்னழுத்தத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் சிக்கல்.

1 செ.மீ. இடைவெளி, திறந்த காற்று, உருண்டை முனைகள் என்றால் சுமார் 30 கிலோவோல்ட்டில் லேசர் இல்லாமலே பொறி பாயும். அதில் 95 சதவீதம் ஏற்றி, மீதியை லேசர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவார்கள். திருநெல்வேலிச் சீமையின் மே மாதத்தில் இது எடுபடாது. காலை 27 டிகிரி, பிற்பகல் 40 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 4 சதவீதம் குறையும். பொறி பாயும் அளவும் கூடவே இறங்கும். காலையில் 28.5 கிலோவோல்ட்டில் வைத்தது மதியம் 99 சதவீதத்தில் நிற்கும், லேசருக்கு முன்பே தானாக வெடிக்கும். 80 முதல் 85 சதவீதமே போதும். தானாக வெடிக்கும் அளவை அன்றன்று இருபது தடவை எடுங்கள். சராசரியை விடுங்கள், மிகக் குறைந்ததைக் கணக்கில் வையுங்கள். மூடி முத்திரையிட்ட அறையில் வாயுவின் அடர்த்தி மாறாது என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ரெகுலேட்டர் வைத்து அழுத்தத்தை மட்டும் நிலைநிறுத்தினால் தொல்லை அப்படியே இருக்கும்.

காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து வரும் புழுதி அடுத்த வில்லன். கற்றையில் ஒரு துகள் சிக்கினால் குவியத்துக்கு முன்பே பிளாஸ்மா (மின்சாரம் கடத்தும் சூடான வாயு) உண்டாகும்; லேசர் சுட்டதிலிருந்து பொறி பாயும்வரையிலான தாமதம் ஒரு சுடலுக்கும் அடுத்ததற்கும் மாறும். திறந்த ஜன்னலருகே வேலை வேண்டாம். இடைவெளியை நிரப்ப வடிகட்டிய உலர் நைட்ரஜன் போதும். எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற மின்காப்பு வாயு) தாங்கும் மின்னழுத்தம் காற்றைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் என்பது உண்மைதான். ஆனால் பொறி பட்ட எஸ்எஃப்6 நச்சு வாயுக்களைத் தரும், கனமானதால் தரையோரம் தேங்கும். மாணவர் ஆய்வுக்கூடத்துக்கு அது தேவையற்ற வம்பு.

கற்றையை இடைவெளியின் குறுக்கே விடுவது எளிது, ஆனால் ஒரே புள்ளியில்தான் பிளாஸ்மா கிடைக்கும். ஒரு முனையில் துளையிட்டு அச்சோடு விட்டால் தாமதத்தின் சிதறல் குறையும். எதிர் முனையின் பரப்பில் குவித்தால் குறைந்த ஆற்றலே போதும். பதிலுக்கு அங்கே குழி விழும், தெறிக்கும் உலோகம் லென்ஸில் படியும்.

தாமதம் அளக்கும்போது லேசர் ஒளியை உணரும் போட்டோடையோடுக்கு 1 மீட்டர், பொறியின் மின்னோட்டத்தை உணரும் சுருளுக்கு 4 மீட்டர் கேபிள் போட்டால் 15 நானோ வினாடி பொய்யாக வந்துவிடும். இரண்டும் ஒரே நீளம் இருக்கட்டும்.

1064 நானோமீட்டர் கற்றை கண்ணுக்குத் தெரியாது. 532 நானோமீட்டர் பச்சை லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி அதைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 25 கிலோவோல்ட் என்றால் 31 ஜூல், ஆளைக் கொல்லும். சப்ளையை அணைத்தபின் கெப்பாசிட்டரில் உள்ள மின்னூட்டத்தை மின்தடை வழியாக இறக்கி, பிறகு எர்த் கம்பியை மாட்டுங்கள். உடனே கம்பியை எடுத்தால் மின்னழுத்தம் கொஞ்சம் திரும்ப ஏறும். கை உள்ளே இருக்கும்வரை கம்பி மாட்டியே இருக்கட்டும்.