இரண்டு சொட்டில் ஆறு புள்ளி: பிஹெச் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமிலத்தில் காரத்தைச் சேர்க்கச் சேர்க்க பிஹெச் (கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) ஒரே சீராக ஏறும் என்று நினைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் போவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். குடுவையில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மில்லி. பியூரெட்டில், அதாவது அளவு குறித்த, திருகு வைத்த நீளக் குழாயில், அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். தொடக்கத்தில் பிஹெச் 1. (மீட்டர் 1.1 காட்டினால் பதற வேண்டாம், அது அயனிகளின் செறிவை அல்ல, செயல்திறனைத்தான் பார்க்கிறது.) 24 மில்லி காரம் உள்ளே போன பிறகும் பிஹெச் 2.7-தான். 24.95 மில்லியில் 4, 25-ல் 7, 25.05-ல் 10. பியூரெட்டிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. 24 மில்லிக்கு இரண்டு புள்ளிகூட நகராத பிஹெச், இரண்டே சொட்டில் ஆறு புள்ளி ஏறிவிடுகிறது.

இப்போது ஒவ்வொரு மில்லியாகச் சேர்த்துக் குறித்துக்கொண்டே போகிறவரின் நிலையை யோசியுங்கள். 24-ல் 2.7, 26-ல் 11.3. நடுவில் வளைவு எந்த இடத்தில் செங்குத்தாக ஏறியது என்பது அவர் தாளில் இருக்காது. ஸ்கேல் வைத்து இழுத்த கோடுதான் இருக்கும். தொடக்கத்திலிருந்தே சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதும் உதவாது, முக்கியமான இடம் வருவதற்குள் பொறுமை போய்விடும். முதலில் மடமடவென்று ஒருமுறை செய்து, முடிவு ஏறத்தாழ எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை 22 மில்லி வரை இரண்டிரண்டாகப் போகலாம். பிறகு அரை மில்லி, கடைசி அரை மில்லிக்கு ஒவ்வொரு சொட்டாக. அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகும் சமான நிலையைத் தாண்டியதும் நிறுத்திவிடுகிறார்கள், அதுவும் தவறு. இன்னும் நாலைந்து மில்லி சேர்த்தால்தான் வளைவின் மேல்பகுதி கிடைக்கும், செங்குத்துப் பகுதியின் நடுப்புள்ளியைக் கணிக்க அது வேண்டும்.

அந்தச் செங்குத்தான இடத்தில் மீட்டரும் தடுமாறும். சொட்டு விழுந்த உடனே தெரிகிற எண்ணை எழுதாதீர்கள். நன்றாகக் கலக்கி, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். காந்தக் கலக்கி இருந்தால் அதன் தண்டு எலெக்ட்ரோடின் (மீட்டரில் கரைசலுக்குள் மூழ்கும் பகுதி) கண்ணாடிக் குமிழில் இடிக்காதபடி உயரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

எலெக்ட்ரோடு சரியாக மூழ்கவில்லை என்று குடுவையில் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். நிறங்காட்டி (பிஹெச்சுக்கேற்ப நிறம் மாறும் பொருள்) வைத்துத் தரம்பார்க்கும்போது, அதாவது எவ்வளவு காரம் செலவானது என்று பார்த்து அமிலத்தின் அளவைக் கண்டுபிடிக்கும்போது, இதனால் ஒன்றும் கெடாது, குடுவையில் இருக்கும் அமிலத்தின் அளவு அதேதானே. ஆனால் பிஹெச் வளைவு வரையும்போது கதை வேறு. 25 மில்லி அமிலத்தில் 50 மில்லி தண்ணீர் சேர்த்தால் தொடக்க பிஹெச் 1-லிருந்து கிட்டத்தட்ட 1.5 ஆகிவிடும். ஊற்றலாம், எவ்வளவு என்று குறித்து வையுங்கள். குடுவையை அமிலத்தாலேயே அலசுவதுதான் உண்மையில் கெடுதல். பியூரெட்டையும் பிப்பெட்டையும் அந்தந்தக் கரைசலால் அலச வேண்டும், குடுவையை வெறும் காய்ச்சி வடித்த நீரால்.

மீட்டரின் பெரிய ஆபத்து, அது எப்போதும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும் என்பது. சரியா தவறா என்று அது சொல்லாது. 4, 7 ஆகிய இரண்டு பஃபரில் (பிஹெச் முன்பே தெரிந்த கரைசல்) மட்டும் சரிபார்த்துவிட்டு 11, 12 வரை அளப்பவர்கள் நிறைய. காரப் பக்கத்துக்கும் 9.2 அல்லது 10 பஃபர் ஒன்று தேவை. பேனா மாதிரி வரும் மலிவு மீட்டர்களோடு தரும் பொடிப் பொட்டலத்தில் 6.86 என்று போட்டிருக்கும். அதைக் கரைத்து மீட்டரை 7.00-க்குத் திருப்பி வைத்தால், அதன்பின் எடுக்கும் ஒவ்வொரு அளவும் 0.14 தள்ளியே வரும். பஃபர் 10-ஐத் திறந்து வைக்கவும் கூடாது, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து அதன் பிஹெச் இறங்கும். பயன்படுத்தியதைத் திரும்பப் புட்டியில் ஊற்றுவது சிக்கனமல்ல, புட்டி முழுவதையும் கெடுக்கும் வழி.

வெப்பநிலைத் திருத்தம் உள்ள மீட்டர்தானே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று. 25 டிகிரியில் ஒரு பிஹெச் புள்ளிக்கு எலெக்ட்ரோடு 59.16 மில்லிவோல்ட் தருகிறது, வெப்பம் ஏறினால் இதுவும் ஏறும். மீட்டர் திருத்துவது இதை மட்டும்தான். கரைசலின் பிஹெச்சே வெப்பத்தால் மாறினால் அதை 25 டிகிரிக்கு மாற்றித் தராது. தூய நீரின் நடுநிலை 50 டிகிரியில் 7 அல்ல, சுமார் 6.6. போதாததற்கு, நடுநிலையாக்கல் வெப்பம் உமிழும் வினை. செறிவான கரைசல்களைக் கலந்த சூட்டோடு அளக்காமல் ஆறவிடுங்கள்.

மீட்டர் இல்லாமல் நிறங்காட்டியை நம்புவோர் தவறுவது தேர்வில். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை 0.1 மோலார் செறிவில் 25 மில்லி எடுத்து, அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தால் சமான நிலை 7-ல் வராது, 8.7-ல் வரும். 3.1-க்கும் 4.4-க்கும் இடையே நிறம் மாறும் மெத்தில் ஆரஞ்சை அதில் விட்டால், எட்டு மில்லி சேர்ப்பதற்குள் மாறி முடித்துவிடும். பாதி வழிகூட வந்திருக்க மாட்டீர்கள். பினாப்தலீன்தான் அங்கே பொருந்தும். அமோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்த்தால் நேர் எதிர், சமான நிலை 5.3 அளவில் இருப்பதால் மெத்தில் சிவப்பு வேண்டும். எதுவானாலும் இரண்டு மூன்று சொட்டு போதும். பளிச்சென்று தெரியட்டும் என்று அரை மில்லி ஊற்றினால் நிறங்காட்டியே காரத்தில் கொஞ்சம் சாப்பிட்டுவிடும், பெரும்பாலான நிறங்காட்டிகளும் வலிமை குறைந்த அமிலமோ காரமோதான்.

பினாப்தலீனின் வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிவு அதுதான். அதற்குப் பிறகு மங்குவது காற்றின் கார்பன் டை ஆக்சைடால். மங்கிவிட்டதே என்று இன்னொரு சொட்டு, அப்புறம் இன்னொன்று என்று சேர்த்துக்கொண்டே போகக்கூடாது.

கணக்குப் போடும்போது பிஹெச் மடக்கை அளவு (ஒரு புள்ளிக்குப் பத்து மடங்கு) என்பதை மறந்துவிடுகிறார்கள். 2-லிருந்து 4-க்குப் போனால் அமிலத்தன்மை பாதியாகவில்லை, நூறில் ஒன்றாகிறது. பிஹெச் 3, பிஹெச் 5 உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலங்களைச் சம அளவு கலந்தால் 4 வராது, 3.3 வரும்.

வேலை முடிந்ததும் எலெக்ட்ரோடைக் காய்ச்சி வடித்த நீரில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், உள்ளிருக்கும் உப்பு வெளியேறிவிடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடுதான் அதற்கு இடம். குமிழைத் துணியால் தேய்க்காமல் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்டில் காரம் ஓர் இரவு கிடந்தால் திருகு இறுகிக்கொள்ளும், அன்றே கழுவிவிடுங்கள்.