உயில் எழுதும்போது காரணத்தையும் சொல்லிவிடுங்கள்

ஆல்ஃபிரட் நோபல் 1895-இல் தன் கடைசி உயிலை வழக்கறிஞர் உதவி இல்லாமல் தன் கையாலேயே எழுதினார். சொத்தில் பெரும்பகுதி பரிசுகளுக்கு. ஆனால் அதைப் பெற்று நடத்த வேண்டிய அமைப்பு அப்போது இல்லவே இல்லை. 1896-இல் அவர் இறந்ததும் உறவினர்களில் சிலர் எதிர்த்தார்கள். முதல் பரிசுகள் வழங்க 1901 ஆகிவிட்டது. இத்தனைக்கும் நல்ல எண்ணத்தில் எழுதிய உயில் அது.

நாமே எழுதினால் செல்லாதா? பல இடங்களில் செல்லும். சிக்கல் வார்த்தைகளில்தான் வருகிறது. "வீடு மூத்த மகளுக்கு" என்று இருக்கும். வீட்டின் மேல் உள்ள கடன் யாருக்கு? அந்த மகள் நமக்கு முன்பே போய்விட்டால்? எழுதாமல் விட்ட வங்கிக் கணக்கு? இதையெல்லாம் முன்கூட்டியே கேட்பதற்குத்தான் வழக்கறிஞருக்குக் கட்டணம். சொத்து பெறுகிறவரையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். பல நாடுகளில் அவர் பங்கே பறிபோகலாம்.

அப்புறம், நியாயம். சம பங்கு எப்போதும் நியாயமான பங்கு ஆகிவிடாது என்றே நினைக்கிறேன். படுத்த படுக்கையாக இருந்த தாயைப் பத்து வருடம் பார்த்துக்கொண்ட மகனும், எப்போதாவது எட்டிப் பார்த்த மகனும் ஒன்றா? கூடுதலாகக் கொடுக்க நினைத்தால் கொடுங்கள். ஆனால் உயிரோடு இருக்கும்போதே எல்லோரையும் உட்காரவைத்து, ஏன் என்று சொல்லிவிடுங்கள். தயக்கமாக இருந்தால் தனிக் கடிதமாக எழுதி உயிலோடு வையுங்கள். அதையும் வழக்கறிஞர் ஒருமுறை பார்க்கட்டும். உயிலுக்கு முரணாக ஒரு வரி இருந்தால்கூடக் குழப்பம்தான்.

மூல உயில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று, அதை நிறைவேற்றப் போகிறவரிடம் இன்றே சொல்லுங்கள்.