நியூ ஜெர்சியின் நகர்ப்புறத் தொழில் மண்டலங்களில் வரிச் சலுகை பெறும் முறை

நியூ ஜெர்சி மாநிலத்தின் பொதுவான விற்பனை வரி 6.625 விழுக்காடு. ஆனால் ஜெர்சி சிட்டி, நியூவார்க், பேட்டர்சன், கேம்டன், ட்ரென்டன் போன்ற நகரங்களில் தொழில் மண்டலமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குள் சான்று பெற்று இயங்கும் கடைகள், பெரும்பாலான பொருள்களுக்கு அதில் சரிபாதியான 3.3125 விழுக்காட்டை மட்டும் வசூலித்தால் போதும். ஆலைகள் மூடப்பட்டு, கடைத்தெருக்கள் வெறிச்சோடிப்போன நகரங்களுக்கு வணிகத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்காக 1983-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு அடிப்படை. மண்டலத்துக்குள் கடை பிடித்துவிட்டாலே சலுகை தானாகக் கிடைத்துவிடாது. அதை முறைப்படி விண்ணப்பித்தே பெற வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், கடையின் முகவரி மண்டல எல்லைக்குள் வருகிறதா என்பதை அந்நகரத்தின் மண்டல ஒருங்கிணைப்பாளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். நகரம் முழுவதும் மண்டலம் ஆகிவிடாது என்பதால், கட்டட உரிமையாளரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி முன்பணம் கொடுப்பது சரியன்று.

அடுத்து, நீங்கள் விற்கப்போகும் பொருளுக்கு இச்சலுகை உண்மையில் பயன்படுமா என்று பாருங்கள். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். இம்மாநிலத்தில் ஆடைகளுக்கும் சமைக்காத உணவுப் பொருள்களுக்கும் ஏற்கெனவே விற்பனை வரி கிடையாது. ஆகவே புடவைக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் பாதி வரியால் பெரிய ஆதாயம் இல்லை. பாத்திரக் கடை, நகைக் கடை, மரச்சாமான் கடை ஆகியவற்றுக்கோ இது வாடிக்கையாளரை இழுத்துவரும் சலுகை: 1,000 டாலர் சோபாவுக்கு 66.25 டாலர் வரி கட்ட வேண்டியவர் ஏறத்தாழ 33 டாலர் கட்டினால் போதும். உணவக உணவு, மது, சிகரெட், மோட்டார் வாகனம் ஆகியவற்றுக்கு முழு வரிதான். வாடிக்கையாளர் கடைக்கு நேரில் வராமல் இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கும் பொருளுக்கும் பாதி வரி பொருந்தாது.

இதைக் கேட்டு உணவகம் நடத்துவோர் ஒதுங்கிவிட வேண்டாம். கடையின் சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கும் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, மேசை நாற்காலி போன்றவற்றுக்கு விற்பனை வரியிலிருந்து விலக்குப் பெற யூஇசட்-5 என்னும் சான்றிதழ் உண்டு. 20,000 டாலருக்குச் சமையலறைக் கருவிகள் வாங்கினால் 1,325 டாலர் மிச்சமாகும். இந்தக் காரணத்தால், பெரிய கொள்முதல்களைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்வதே நல்லது. வாகனங்கள், தொலைத்தொடர்பு, மின்சாரம் ஆகியவை இவ்விலக்கில் அடங்கா.

விண்ணப்பிக்கும் முன் வணிகம் மாநில அரசிடம் பதிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும். வரிப் பாக்கியும் இருக்கக் கூடாது. மண்டலத் தகுதி கிடைத்துவிட்டாலும், பாதி வரி வசூலிக்க யூஇசட்-2 என்னும் சான்றிதழைத் தனியாகப் பெற வேண்டும். அது வருவதற்கு முன்பே கல்லாவில் வரி விகிதத்தை மாற்றிவிட்டால், குறைவாக வசூலித்த தொகையைக் கடைக்காரரே தம் கையிலிருந்து கட்ட நேரும்.

புதிதாக வேலைக்கு அமர்த்தும் முழுநேர ஊழியர் ஒருவருக்கு, அவர் உரிய தகுதிகளுக்குள் வந்தால், ஒருமுறை 1,500 டாலர் வரை வரிக் கழிவு கிடைக்கும். ஆனால் அது நிறுவன வரியில் கழிக்கப்படுவது. தனியுரிமையாளராகக் கடை நடத்துபவருக்கு அது உதவாது. எனவே வணிகத்தை எந்த வடிவில் பதிவுசெய்வது என்பதைத் தொடக்கத்திலேயே கணக்காளருடன் பேசி முடிவுசெய்யுங்கள்.

பாதி வரியில் விற்றதையும் முழு வரியில் விற்றதையும் பில்லிலேயே பிரித்துக் காட்டும்படி கல்லா மென்பொருளை அமைத்துக்கொள்ளுங்கள்; வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது இரண்டையும் தனித்தனியே காட்ட வேண்டியிருக்கும். மண்டலங்களில் வசூலாகும் வரியிலிருந்து அந்தந்த நகரங்களுக்கு மேம்பாட்டு நிதி ஒதுக்கும் வழக்கம் 2011-இல் நின்றுபோய், 2021-இல் வந்த சட்டத்தால் மீண்டும் உயிர்பெற்றது. கடைமுகப்புச் சீரமைப்புக்கோ சிறுகடனுக்கோ அந்நிதியிலிருந்து உங்கள் நகரில் உதவி வழங்கப்படுகிறதா என்பதையும் ஒருங்கிணைப்பாளரிடமே கேட்டறியலாம்.