படகை ஜெட்டியில் (படகுத்துறை மேடையில்) அணைப்பது எப்படி: ஒற்றை அவுட்போர்டு படகுக்கு

படகுக்குப் பிரேக் கிடையாது. அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) மாட்டிய 20 அடி படகில் தனிச் சுக்கானும் இல்லை. புரொப்பல்லர் சுற்றினால்தான் படகு சொன்ன பேச்சு கேட்கும். நியூட்ரலில் வீலை எவ்வளவு ஒடித்தாலும் பெரிய பலன் இருக்காது.

ஃபெண்டர்களை (இடியைத் தாங்கப் படகின் பக்கவாட்டில் தொங்கும் மெத்தைகளை) ஜெட்டியின் உயரத்துக்கு முன்பே தொங்கவிடுங்கள். முன், பின் கயிறுகளைக் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே எடுத்து வையுங்கள். உள்ளே மாட்டிய கயிறு இழுபடும்போது கம்பியை வளைத்துவிடும்.

பக்கத்திலுள்ள கொடியையும் தூணில் அலையும் நீரையும் பாருங்கள். காற்றோ நீரோட்டமோ, எது பலமோ அதை எதிர்த்து வாருங்கள். ஜெட்டிக்கு 20 முதல் 30 டிகிரி சாய்வில், கியரை ஒரு நொடி போட்டு உடனே நியூட்ரல். மோதினால் தாங்கும் வேகத்துக்கு மேல் வேண்டாம்.

படகின் முன்முனை ஜெட்டியிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும்போது வீலை ஜெட்டிக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, முன் கியரில் ஒரு சிறு தட்டு. படகு இணையாகும். பிறகு வீலை முழுக்க ஜெட்டிப் பக்கம் ஒடித்து ரிவர்ஸ் போடுங்கள். படகு நிற்கும், பின்பக்கமும் உள்ளே வரும். முதலில் வீல், அப்புறம்தான் கியர். புதியவர்கள் இதை மாற்றிச் செய்துதான் முனையை இடிக்கிறார்கள்.

காற்று ஜெட்டியிலிருந்து வெளியே தள்ளினால் சாய்வை 40 டிகிரியாக்கி, முன் கயிற்றை முதலில் கட்டுங்கள். ஜெட்டியை நோக்கித் தள்ளினால் ஒன்றரை மீட்டர் தள்ளி இணையாக நிறுத்துங்கள், மீதியைக் காற்றே பார்த்துக்கொள்ளும்.

இடிக்கப்போகிறது என்று கையையோ காலையோ நடுவில் கொடுக்காதீர்கள். ஃபெண்டர் நசுங்கினால் வேறு வாங்கலாம்.